வட்டுச் செலுத்திகளும் பொது இடைமுகமும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தையும் கொள்ளளவையும் அளவுகோலாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. பொறியைப் பற்றிய அறிவு யாருடைய கையில் இருந்தது என்னும் வினா அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சேமிப்பு அட்டைகளை இயக்கும் சாதனச் செலுத்திகளின் வரலாற்றை அவ்வினாவின் வழிநின்று நோக்க முனைகின்றோம்.

1988ஆம் ஆண்டு கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகிய மூவரும் 'றெயிட்' எனப்படும் வட்டு அணிகள் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். விலைமிகுந்த ஒற்றைப் பெருவட்டுக்குப் பதிலாக மலிவான சிறுவட்டுக்கள் பலவற்றை ஒன்றிணைத்தல், அவற்றுள் ஒன்று பழுதுறினும் தரவு அழியாதவாறு மிகைத்தகவலைப் பேணுதல் என்பனவே அதன் சாரம். அப்பெயரில் 'மலிவான' என்று பொருள்பட நின்ற சொல் பின்னர் 'சுயாதீனமான' என்று மாற்றப்பட்டது. மலிவைப் பெயரிலேயே பறைசாற்றும் பண்டத்தை உயர்விலைக்கு விற்றல் எளிதன்று என்பதை வணிகர் அறிவர்.

இவ்வணியைப் பராமரிக்கும் பொறுப்பு வன்பொருள் அட்டையொன்றிடம் ஒப்படைக்கப்பட்டபோதே எமது சிக்கல் தொடங்குகின்றது. அட்டை பல வட்டுக்களை மறைத்து, பணிசெயல் முறைமைக்கு ஒரே வட்டாகத் தோற்றமளிக்கின்றது. ஒரு வட்டு செயலிழந்தாலும் வாசிப்பும் எழுத்தும் வழமைபோல் தொடரும். ஒரு வட்டின் இழப்பை மாத்திரமே தாங்கவல்ல அணியில், முதலாவது வட்டு பழுதுற்ற செய்தி நிர்வாகிக்கு எட்டாதிருக்க இரண்டாவதும் பழுதுறுமாயின் தரவு முழுவதும் அழிந்துவிடும். ஆகவே பழுதை அறிவிக்கும் வழியே அணியின் உயிர்நாடி என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வழியோ நிறுவனங்களின் கையில் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி முகாமைக் கருவியை வழங்கியது. அவை மூலநிரல் இன்றி, தெரிந்தெடுத்த சில முறைமைகளுக்கு மட்டுமே கிடைத்தன. அடப்ரெக் அட்டைகளைப் பொறுத்தவரை, பிறீ பி.எஸ்.டி. முறைமையில் லினக்ஸுக்கெனத் தொகுக்கப்பட்ட கருவியை ஒத்தியங்கு அடுக்கின் மேல் இயக்கவேண்டியிருந்தது. செலுத்தி, கருவியின் கட்டளைகளை அட்டைக்குக் கடத்தும் வாயிலாகவே அங்கு பயன்பட்டது. உள்ளடக்கம் அறியப்படாத நிரலொன்று முதன்மைப் பயனரின் முழு அதிகாரத்துடன் அட்டையோடு பேசுவதைப் பாதுகாப்பில் அக்கறை கொண்டோர் ஏற்காமையில் வியப்பில்லை.

2005 மார்ச்சில் இம்முரண்பாடு வெளிப்படையாக வெடித்தது. ஓப்பன் பி.எஸ்.டி. திட்டத்தின் தலைவர் தியோ டி ராட், அடப்ரெக் நிறுவனத்திடம் கோரிய ஆவணங்கள் கிடைக்கவில்லை எனப் பகிரங்கமாக அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம் வெளிவந்த 3.7ஆம் பதிப்பின் பொதுக் கருவகத்திலிருந்து அந்நிறுவன அட்டைகளுக்கான செலுத்தி நீக்கப்பட்டது. இயங்கிக்கொண்டிருந்த ஒன்றை அகற்றியது பயனரைத் தண்டிப்பதாகும் என்றனர் சிலர். பழுதை அறிவிக்கவியலாத அணி பாதுகாப்பு என்னும் மாயையையே தரும் என்பதால், இக்குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தாது என்பது எமது கருத்து.

நவம்பரில் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் 'பயோசிரிஎல்' என்னும் கட்டளை அறிமுகமாயிற்று. இதனை ஆக்குவதில் மார்கோ பீரபூம் முக்கிய பங்காற்றினார். இதன் முன்மாதிரி வலையமைப்புத் துறையில் ஏற்கெனவே இருந்தது. 1983இல் வெளியான 4.2 பி.எஸ்.டி. பதிப்பின் 'இஃப்கொன்ஃபிக்' கட்டளை, யார் தயாரித்த வலையமைப்பு அட்டையாயினும் அதனை ஒரே மொழியில் கையாண்டது. வட்டு அட்டைக்கு மட்டும் தனிமொழி ஏன் என்பதே அவர்களது வினா.

வடிவமைப்பு எளிமையானது. கருவகத்தில் 'பயோ' என்னும் போலிச் சாதனம் உண்டு. ஒவ்வொரு செலுத்தியும் அதனிடம் தன்னைப் பதிவுசெய்து, சில பொது வேண்டுகோள்களுக்கு விடையளிக்க உடன்படுகின்றது. அட்டையில் எத்தனை அணிகள் உள்ளன, ஒவ்வொன்றின் நிலை யாது, எந்த வட்டு பழுதுற்றது, எச்சரிக்கை ஒலியை நிறுத்து, இவ்வட்டின் விளக்கை மினுங்கச் செய் என்பன அவ்வேண்டுகோள்கள். இறுதியாகக் கூறியது அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் பழுதுற்ற வட்டு எதுவெனத் தவறாக எண்ணி நல்ல வட்டைப் பிடுங்கிய கணத்தில் அணி சிதைந்துபோகும். எந்த வட்டு என்று கைக்குக் காட்டுவது அந்த விளக்கே. நிலைபொருளின் தனிமொழியைப் பொதுமொழிக்குப் பெயர்க்கும் பணி முழுவதும் செலுத்தியினுள், எவரும் வாசிக்கத்தக்க மூலநிரலாக அமைந்தது.

பொது இடைமுகம் அட்டைகளின் சிறப்பியல்புகளைக் குறுக்கிவிடும் என்பது வழமையான ஆட்சேபம். அதில் உண்மை உண்டு. ஓப்பன் பி.எஸ்.டி.யில் வன்பொருள் அணியைப் புதிதாக உருவாக்குவதற்கு அட்டையின் தொடக்கநிலைப் பட்டியலையே நாடவேண்டும். எனினும் அன்றாடம் இன்றியமையாதவை இக்குறுகிய வேண்டுகோள்களுள் அடங்கிவிட்டன. 2000களின் தொடக்கத்தில் சேமிப்பு வலையமைப்புத் தொழில்துறைச் சங்கம் வகுத்த பொதுநியமமும் நடுநிலையையே இலக்காகக் கொண்டது. அதுவோ பருமன் மிக்கது. அதன் உட்புற வழங்கிகளையும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனங்களே ஆக்கவேண்டியிருந்தது. வாயில் பொதுவானது, திறவுகோல் முன்னைய கையிலேயே இருந்தது.

2007இல் வெளிவந்த 4.2ஆம் பதிப்பில், அட்டையே இன்றி மென்பொருளால் அணி அமைக்கும் 'சொஃப்ற்றெயிட்' இதே கட்டளைக்குள் வந்தது. நெற் பி.எஸ்.டி.யும் இவ்விடைமுகத்தை ஏற்றுக்கொண்டது. இதற்கிடையில் அட்டைகளின் உடைமை பலமுறை கைமாறிற்று. முதன்முதலில் இவ்விடைமுகத்துக்கு ஆட்பட்ட மெகாறெயிட் அட்டைகளின் பிரிவை அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம் 2001இல் எல்.எஸ்.ஐ.க்கு விற்றிருந்தது. எல்.எஸ்.ஐ.யை 2014இல் அவாகோ வாங்கியது. அவாகோ 2016இல் புரோட்கொம்மை வாங்கி அதன் பெயரையே சூடிக்கொண்டது. நிறுவனங்களின் முகாமைக் கருவியும் மெகாசிஎல்ஐ என்பதிலிருந்து ஸ்ரோர்சிஎல்ஐ என மாறிற்று. ஓப்பன் பி.எஸ்.டி.யின் நிர்வாகி தட்டச்சிடும் கட்டளை மாறவில்லை. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் முதலெழுத்துக்கள் 'அமி' என்னும் செலுத்தியின் பெயரில் எஞ்சியுள்ளன.