வாய்ச்சொல்லும் மெய்க்குறிப்பும்: நாய்த் தடையோட்டத்தில் ஏவல்முறை வளர்ந்த வரலாறு

இலண்டன் மாநகரத்து ஒலிம்பியா மண்டபத்தில் 1978-ஆம் ஆண்டு நடைபெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், ஒரு போட்டி முடிந்து மறுபோட்டி தொடங்குவதற்கிடையே கூட்டம் சலித்துக் கலைந்துவிடலாகாதே என்று, கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி என்பவர், குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தை மாதிரியாகக் கொண்டு, பீட்டர் மீன்வெல் என்னும் பயிற்சியாளரின் துணையோடு அமைத்த வேடிக்கையே, இன்று ‘அஜிலிட்டி’ என்று உலகெங்கும் வழங்கும் நாய்த் தடையோட்டத்தின் உற்பத்தி ஸ்தானமாகும். இரண்டே ஆண்டுகளில் பிரிட்டிஷ் கென்னல் கிளப் அதனை முறையான போட்டியாக அங்கீகரித்தது. மாதிரி குதிரைப் பந்தயமேயாயினும், குதிரையின் முதுகில் ஒரு மனிதன் அமர்ந்து கடிவாளத்தாலும் முழங்காலாலும் தன் கருத்தை அதற்கு உணர்த்துகிறான். நாயை நடத்துபவருக்கோ வாரில்லை, தீனி காட்டவோ தொடவோ அநுமதியுமில்லை. அவருக்கு எஞ்சியவை வாயும் உடம்புமே. இவ்விரண்டனுள் நாய் எதற்குச் செவிசாய்க்கிறது என்பதைப் பயிற்றுவோர் படிப்படியாக அறிந்துகொண்ட கதையே இக்கட்டுரையின் பொருள்.

வாய்ச்சொல்லால் தொலைவிலுள்ள நாயை ஏவும் கலை ஆட்டிடையரிடம் நெடுங்காலமாக இருந்தது. 1873-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் நடந்த மேய்ப்பு நாய்ப் போட்டியே பிரிட்டனில் அவ்வகையின் முதற் போட்டி எனச் சொல்லப்படுவது. ‘கம்-பை’ என்றால் மந்தையை வலஞ்சுழியாகச் சுற்றுக, ‘அவே’ என்றால் இடஞ்சுழியாகச் சுற்றுக என்பது அவ்விடையர் மரபு. இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு: அச்சொற்களின் பொருள் இடையன் நிற்கும் இடத்தைச் சார்ந்ததன்று, மந்தையே அதற்கு மையம். ஆகவே இடையன் குன்றின் மேல் அசையாது நின்றாலும் சொல் தன் வேலையைச் செய்தது.

தடையோட்டத்தின் முதல் தலைமுறையினர் பலர் பழகியிருந்ததோ கீழ்ப்படிதற் பயிற்சியில். அப்பயிற்சியில் நாய் எப்போதும் எஜமானரின் இடப்புறத்தே ஒட்டி நடத்தல் வேண்டும். கட்டளை ஒருமுறைதான், மிகுதியாகச் சொன்னால் மதிப்பெண் குறையும். அத்தகைய கட்டுப்பாட்டிலிருந்து வந்தவர்கள் தடையோட்டத்தில் முதலில் வகுத்துக்கொண்ட சொற்கள் பெரும்பாலும் தடைகளின் பெயர்களே: தாண்டு, சுரங்கத்துள் புகு, கம்பங்களினூடே வளைந்து செல் என்னும் மட்டில் அமைந்தவை. பெயர் பயனற்றதென்று சொல்வதற்கில்லை. உயர்ந்த நடைபாலத்தின் அடியிலேயே சுரங்கத்தின் வாய் திறந்திருக்குமாயின், நாய் மேலேறுவதா உட்புகுவதா என்று தெளிவிக்கப் பெயரே உதவும். ஆயினும் வெறும் பெயரில் திசை அடங்கவில்லை. திசைக் குறையை நிரப்பியது நடத்துபவரின் உடம்பு, அதுவும் அவரறியாமலே.

அவரறியாமலே என்றேன், அதன் நுட்பம் நாயினத்தில் அன்று, ஒரு குதிரையிடத்தே முன்பே வெளிப்பட்டிருந்தது. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவருடைய ஹான்ஸ் என்ற குதிரை கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறியதாக ஊரெல்லாம் வியந்த காலத்தில், ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதனைச் சோதித்து, கேள்வி கேட்பவர் தலையைச் சற்றே தாழ்த்துவதும் நிமிர்த்துவதுமாகிய நுண்ணசைவையே குதிரை படித்ததென்று 1907-ஆம் ஆண்டு நிறுவினார். விடையறியாதவர் கேட்டபோது குதிரை தவறிற்று. கேட்பவரைக் காணவொட்டாமல் தடுத்தபோதும் தவறிற்று. தன் நாய் ‘சொன்னதைக் கேட்கிறது’ என்று பெருமைப்படும் எவரும் ஒருமுறையேனும் இந்தக் குதிரையை நினைத்துக்கொள்வது நல்லது.

தடையோட்டப் பயிற்றுநர் இவ்வுண்மையை வேறு வழியால், தங்கள் தோல்விகளிலிருந்தே கற்றனர். நாய் மனிதனைவிட விரைந்தோடுவது. வளைவுகள் மிகுந்த களத்தில் அது எந்தப் பக்கத்தில் வரவேண்டுமென்பதை மாற்றிக்கொண்டே இருத்தல் அவசியம். நாய்க்கு முன்னே சென்று அதனை நோக்கித் திரும்பியவாறே பக்கம் மாறுதல் ‘ஃபிரண்ட் கிராஸ்’. அதன் பின்னே குறுக்கிட்டு மாறுதல் ‘ரியர் கிராஸ்’. முதுகு காட்டியபடி முன்னே மாறுதல் ‘பிளைண்ட் கிராஸ்’. கடைசியதை, நாயைக் கண்ணிலிருந்து விடுவதென்று ஆசிரியர் பலர் ஒருகாலத்தில் விலக்கிவைத்தனர். பிற்காலத்தார் அதையே விரைவுக்குரிய உத்தியாகப் போற்றினர். விலக்கியவர்களின் அச்சமும் பொருளற்றதன்று. எனினும் நாய் படிப்பது நம் கண்ணை மட்டுமன்று என்பதை அவர்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதனை மதிக்கக் கட்டாயப்படுத்தியது ஃபின்லாந்தில் ஒரு செவிட்டு நாய். டெக்லா என்னும் பார்டர் காலி கேட்கும் திறனை இழந்தபோது, அதனை நடத்திய யானிதா லெய்னோனென், பயிற்சியாளர் யாக்கோ சுவோக்னூத்தியுடன் சேர்ந்து, சொல்லே இல்லாமல் ஓடும் வழியைத் தேடினார். அத்தேட்டத்திலிருந்து பிறந்ததே ‘ஒன்மைண்ட் டாக்ஸ்’ என்னும் முறை. அசைவு, நிற்கும் இடம், கண், மார்பு, பாதம், கை, குரல் என ஏழு கூறுகளை அது எண்ணுகிறது. குரலும் அதிலுண்டு; ஆனால் ஏழனுள் ஒன்றாகவே உண்டு. ஓடுகின்றவர் வேகத்தைக் குறைத்தாலே நாய் தன் பாய்ச்சலைச் சுருக்கிக்கொள்கிறது. பாதமும் மார்பும் எங்கே நோக்குகின்றனவோ அங்கே அதன் தடம் சாய்கிறது.

இவ்வாறு உடம்பு முதலிடம் பெற்ற பிறகு குரல் ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. களங்கள் விரிந்து, தடையின் அப்புறத்திலிருந்து தாண்டவேண்டிய அமைப்புகள் பெருகியபோது, ஓடி எட்ட இயலாத தொலைவில் நாயைத் திருப்பக் குரலே வேண்டியதாயிற்று. ஆனால் மீண்டு வந்த குரல் பழைய பெயர்ச்சொல் அன்று: இடம், வலம், இறுக்கித் திரும்பு, அப்பால் சுற்று என்ற திசைச்சொற்கள். அவற்றின் ஒலியமைப்பும் ஆராய்ச்சிக்குள்ளாயிற்று. பல மொழி பேசும் விலங்கு பழக்குவோரின் குரலை ஒப்பிட்ட பட்ரீஷியா மக்கானெல், குறுகிய ஒலிகள் அடுக்கி வருதல் விலங்கைத் தூண்டுவதற்கும், நீண்டு தொடரும் ஒலி அடக்குவதற்கும் பொதுவாகப் பயன்படுவதைக் கண்டறிந்தார்.

ஒரு சொல்லைக் கற்பிப்பதில் கிரமம் முக்கியம். சொல்லும் கைவீச்சும் ஒரேகணத்தில் நிகழ்ந்தால், வலிய குறிப்பு மெலியதை மறைத்துவிடும் என்பது பாவ்லோவின் காலத்திலேயே அறியப்பட்டது. சொல் மறையும், கை நிற்கும். ஆகையால் முதலில் சொல், ஒரு கணம் பொறுத்துக் கை. பின்னர்ச் சொல்லுக்கே நாய் திரும்பத் தொடங்கும்போது கையை விலக்குதல். களத்திலோ, நாய் நிலத்தைவிட்டு எழுமுன்பே சொல் அதன் செவியை எட்டவேண்டும். எழுந்தபின் அதன் பாய்ச்சலின் பாதை மாற்றவொண்ணாதது.

சொல் உண்மையில் கற்கப்பட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. இரு பக்கமும் தடைகள் நிற்க, நடத்துபவர் கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, கண்ணையும் எப்பக்கமும் திருப்பாது நின்று, ‘இடம்’ என்று ஒருமுறை மட்டும் சொல்லவேண்டும். நன்றாகப் பழகியது என்று கருதப்பட்ட நாய்களும் அப்போது சிலகணம் அசையாமல் நின்று, அவர் முகத்தையும் பாதங்களையும் மாறிமாறிப் பார்க்கும்.