இன்டேக் மேனிபோல்டு கேஸ்கட்

இன்டேக் மேனிபோல்டு கேஸ்கட் என்பது உள் எரி பொறியில் காற்று-எரிபொருள் கலவையைக் கொண்டுசெல்லும் உள்ளெடுப்புக் குழாய்த் தொகுதியான மேனிபோல்டுக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே வைக்கப்படும் அடைப்புத் தகடு ஆகும். பட்டறைகளில் இது பேக்கிங் எனவும் வழங்கப்படுகிறது. பழைய மகிழுந்துகளில் மேனிபோல்டைக் கழற்றி மீண்டும் பொருத்தும்போது புதிய கேஸ்கட் இடப்படுகிறது. 1955 ஆம் ஆண்டு அறிமுகமான செவ்ரோலெட் நிறுவனத்தின் சிறிய வி8 பொறி இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

அமைப்பு

இப்பொறியில் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையேயுள்ள டேப்பெட் பள்ளத்தை மேனிபோல்டே மூடுகிறது. ஆகவே ஒரே இணைப்பில் நான்கு பொருட்களைத் தனித்தனியே அடைக்க வேண்டியுள்ளது:

- உள்ளெடுப்புத் துளைகளில் கலவையும் வெற்றிடமும்
- நான்கு மூலைகளில் குளிர்விப்பு நீர்
- நடுவிலுள்ள குறுக்கு வழியில் சூடான கழிவு வளிமம்
- முன், பின் முனைகளில் பொறி எண்ணெய்

இந்நான்கிற்கும் ஏற்ற ஒரே பசை இல்லை. இடத்திற்கேற்ப அடைப்புப் பொருளைத் தெரிவு செய்வதே இவ்வேலையின் அடிப்படையாகும்.

கேஸ்கட் வகைகள்

அழுத்திய நார்த் தகடுகள் சிறு மேடுபள்ளங்களை ஈடுசெய்கின்றன. மெல்லிய எஃகுத் தகடுகளுக்குச் சமதளமான பரப்புகள் தேவை. வார்ப்பிரும்பை விட அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு வெப்ப விரிவு உடையது. எனவே இரும்புத் தலையின் மேல் அலுமினிய மேனிபோல்டைப் பொருத்தும்போது கேஸ்கட் பக்கவாட்டில் உரசப்படுகிறது. இந்நிலைக்கு நார்க் கலவைத் தகடுகள் ஏற்றவை.

குறுக்கு வழி திறந்த கேஸ்கட்டுகளும் மூடிய கேஸ்கட்டுகளும் கிடைக்கின்றன. மூடியவை கார்புரேட்டரின் சூட்டைக் குறைக்கும். ஆயினும் குளிர் நாடுகளில் பொறி சீராக இயங்க நெடுநேரம் ஆகும். மேனிபோல்டின் சூட்டினால் இயங்கும் தானியங்கிச் சோக்கு உள்ள வண்டிகளில் அது உரிய நேரத்தில் திறவாது. அவ்வண்டிகளுக்குத் திறந்த வகையே பொருத்தமானது.

முனை அடைப்புகள்

பழைய பொறிகளின் முன், பின் முனைகளில் தக்கை அல்லது ரப்பர்ப் பட்டைகள் இடப்பட்டன. இறுக்கும்போது இவை நழுவக்கூடும். தடிமன் மிகுந்தால் மேனிபோல்டைத் தூக்கிப் பிடித்து, துளைகளின் அடைப்பையே தளர்த்தும். இதனால் பலர் பட்டைகளைத் தவிர்த்து, எண்ணெய் தாங்கும் ஆர்டிவி சிலிக்கோன் பசையை ஏறத்தாழ 6 மி.மீ. தடிமனில் இடுகின்றனர். பசை மூலைகளில் கேஸ்கட்டின் மேலும் சற்று ஏறியிருக்க வேண்டும்.

நீர்த் துளைகளைச் சுற்றியும் மெல்லிய பசை இடப்படுவதுண்டு. பெட்ரோல் பட்டால் சாதாரண சிலிக்கோன் ஊதி நெகிழுமாதலால், உள்ளெடுப்புத் துளைகளைச் சுற்றி அதை இடுதல் தவறாகும்.

பொருத்தும் முறை

1. பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி புற்றுநோய் விளைவிக்கும் என்பதால் உலர்ந்த நிலையில் சுரண்டவோ இயந்திரத் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. ஈரப்படுத்தியே அகற்ற வேண்டும்.
2. டேப்பெட் பள்ளத்தைத் துணியால் மூடிய பின் பரப்புகளைத் துடைத்து, எண்ணெய்ப் பசை நீக்க வேண்டும்.
3. பசையின்றி மேனிபோல்டை வைத்துப் பார்க்க வேண்டும். தலை அல்லது பிளாக் முன்னர் இழைத்துக் குறைக்கப்பட்டிருந்தால் மேனிபோல்டு உரிய உயரத்தில் அமராது, துளைகளும் நேர்படா. இக்குறையைப் பசையால் தீர்க்க இயலாது. மேனிபோல்டையும் இழைக்க வேண்டும்.
4. துணியை எடுத்துவிட்டுப் பசை இட்டபின், அது உலருமுன் மேனிபோல்டை நேராக மேலிருந்து இறக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தினால் பசை வழிந்துவிடும்.
5. சில போல்ட்டுகளின் துளைகள் டேப்பெட் பள்ளத்தில் திறக்கின்றன. மரையில் அடைப்புப் பசை இடாவிடில் அவ்வழியே எண்ணெய் கசியும்.
6. 12 போல்ட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, மாறிமாறி, இரண்டு அல்லது மூன்று கட்டங்களில் இறுக்க வேண்டும். இப்பொறிக்கான அளவு 30 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர். நார்க் கேஸ்கட் அமுங்குவதால், பொறி சூடாகி ஆறிய பின் மீண்டும் சரிபார்ப்பர்.

கசிவும் விளைவுகளும்

வெளிக்காற்று உட்புகுந்தால் கலவையில் எரிபொருள் குறைந்து, வெற்றோட்டம் தடுமாறும்; நாளடைவில் வால்வுகள் கருகக்கூடும். நீர் எண்ணெயுடன் கலந்தால் எண்ணெய் பால்நிறமாகும், தாங்கிகள் பழுதாகும்.

துளைகளின் அடிப்பக்கக் கசிவு வெளியே தெரியாது. அது டேப்பெட் பள்ளத்திலிருந்து எண்ணெயை உறிஞ்சுவதால் நீலநிறப் புகை உண்டாகிறது. இதை வளையத் தேய்மானம் எனக் கருதி, பொறி முழுவதையும் வீணே பிரிப்பதுண்டு. பொறி வெற்றோட்டத்தில் இருக்கும்போது கிராங்க் அறையின் காற்று வழிகள் அனைத்தையும் சிறிது நேரம் அடைத்து, எண்ணெய் ஊற்றும் வாயில் உறிஞ்சல் தோன்றுகிறதா எனப் பார்த்தால் இக்கசிவை அறியலாம். வெளிக்கசிவை அறியப் புகைச் சோதனை பாதுகாப்பானது. சூடான பொறியில் தீப்பற்றும் திரவங்களைத் தெளித்துப் பார்ப்பது ஆபத்தானது.

இவற்றையும் பார்க்க

- கார்புரேட்டர்
- சிலிண்டர் தலை
- வி8 பொறி
- கல்நார்