பணித்திருப்தியும் உடல்நலமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் புலம்பெயர் தொழிலாளர்

பணித்திருப்தி என்பது கூலியோடு வேலையிடத்தில் கிடைக்கும் மதிப்பையும் பொறுத்து ஒருவர் தம் தொழிலில் அடையும் மனநிறைவாகும். 1941இல் மலாயாவில், ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் துணையோடு சிலாங்கூர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர், சீனருக்கு இணையான கூலி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, தோட்டத்தின் ஐரோப்பிய மேலாளரான துரைமாரும் எழுத்தரான கிராணிமாரும் எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்றும் கோரினர். உடல்நலத்தையும் தன்மானத்தையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. வேலைநிறுத்தத்தை ஒடுக்க நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழக்க, நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று கோரப்பட்ட உடல்நலப் பாதுகாப்பில் ஒரு பகுதியாவது இன்று சட்டமாகியுள்ளது: மலேசியாவின் இன்றைய வெளிநாட்டுத் தொழிலாளர், வேலையின்போது நேரும் விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் இழப்பீடு வழங்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்புறுதித் திட்டத்தில் 2019 ஜனவரி முதல் சேர்க்கப்பட்டுள்ளனர்.