பேசிய பக்கங்கள்

அச்சேறிய எழுத்து இடம்பெயர்வதில்லை. அதுவே அதன் பெருமை. 1977ஆம் ஆண்டில், தம் நூலின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகள் அழகு குன்றியிருக்கக் கண்டு வருந்திய அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கனூத், ‘டெக்’ என்னும் கணினி அச்சுக்கோப்பு முறையை உருவாக்கத் தொடங்கினார். 1993இல் அடோபி நிறுவனம் பி.டி.எப். கோப்பு முறையை வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் உருமாறாமல் தோன்றவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆயினும் மனித மனம் அத்துடன் அமையவில்லை. 1990களின் பிற்பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் அக்கோப்புகளினுள் புகுந்தன. மாணவன் விடையைக் குறித்ததும் சரியா, தவறா எனப் பக்கமே கூறியது. பின்னர், ‘டெக்’ வழி நூல் கோப்போர் ‘மீடியா9’ என்னும் துணைத்தொகுப்பைக் கொண்டு ஒலியையும் அசையும் படத்தையும் பக்கத்திலேயே பதித்தனர். பாடநூல் பேசியது!

அப்பேச்சோ ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருளைப் பெரிதும் நம்பியிருந்தது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அடோபி அதனைக் கைவிட்டது. அதனை நம்பிய பக்கங்கள் ஊமையாயின. அவற்றில் எழுத்து மட்டும் நிலைத்து நின்றது.

பாடம் எழுதும் ஆசிரியர்கள் இதனை மறத்தலாகாது. ஒலியும் படமும் பாடத்திற்கு அணி சேர்க்கட்டும். அதன் உயிர் எழுத்திலேயே இருக்கட்டும்.