வாராபந்தி: மணிக்கணக்கில் அளந்த நீர்

டில்லியிலிருந்து அம்பாலா, லூதியானா வழியாக அமிர்தசரஸ் செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் கோதுமை வயல்களை நம்மவர் பலர் கண்டிருப்பர். ஏரிக்கரையும் மதகும் கண்டு பழகிய நமக்கு, அவ்வயல்களினூடே செல்லும் சிறு வாய்க்கால்கள் ஒரு வினாவை எழுப்பும். ஒரே வாய்க்காலின் நீரைப் பல குடியானவர் எவ்வாறு பங்கிட்டுக் கொள்கின்றனர்? தலைமடை கொழிப்பதும் கடைமடை காய்வதும் பாசனம் உள்ள எந்த நாட்டுக்கும் புதிதன்று. அதற்குப் பஞ்சாப் கண்ட விடையே வாராபந்தி. முறையை வரையறுத்துக் கட்டுதல் என்பது அச்சொல்லின் பொருள்.

இந்நிலத்தின் கால்வாய்ப் பாசனம் பழமையானது. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் யமுனையிலிருந்து நீரைத் திருப்பிக் கால்வாய் வெட்டுவித்தார். ஷாஜகான் காலத்தில் அது டில்லி வரை நீட்டப்பெற்றது. பின்னர்த் தூர்ந்து கிடந்த அக்கால்வாயை ஆங்கிலேயர் செப்பனிட, 1820இல் டில்லிக்கு மீண்டும் நீர் வந்தது. 1849இல் பஞ்சாப் அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டபின் கால்வாய்கள் விரைந்து பெருகின. மேல் பாரி துவாபுக் கால்வாய் 1859இலும், சர்ஹிந்துக் கால்வாய் 1882இலும், கீழ்ச் செனாபுக் கால்வாய் 1892இலும் திறக்கப்பெற்றன.

இக்கால்வாய்களை வகுத்தோர் சிறு பரப்புக்கு நிறைய நீர் தருவதைக் குறிக்கோளாகக் கொள்ளவில்லை. பஞ்சத்தைத் தடுக்கவும் அரசின் வருவாயைப் பெருக்கவும், இருக்கும் நீரை இயன்ற அளவு மிகுந்த நிலத்துக்குப் பரப்புவதே அவர்தம் நோக்கம். ஆகவே ஒருவனுக்குக் கிடைக்கும் நீர் அவனுடைய நிலம் முழுவதற்கும் போதாது. எவ்வளவு நிலத்தில் கோதுமை விதைப்பது, எவ்வளவில் கடலை விதைப்பது, எதைத் தரிசாக விடுவது என்பதை அவனே முடிவு செய்தல் வேண்டும். நீர் அருமையாயிருப்பதே சிக்கனத்தைக் கற்பிக்கும் என்பது அவர்கள் கொள்கை.

பங்கீட்டின் முறை இது: கிளைக்கால்வாயிலிருந்து ஒவ்வொரு வயல்வாய்க்காலுக்கும் நீர் 'மோகா' எனப்படும் கண்வாய் வழியே செல்லும். அதற்குத் திறக்கவும் மூடவும் கதவு கிடையாது. ஒரு வாரத்துக்குரிய 168 மணி நேரம், அவ்வாய்க்காலைச் சார்ந்த நிலங்களுக்குப் பரப்பின் விகிதப்படி பிரிக்கப்படும். ஒரு வாய்க்காலின்கீழ் 420 ஏக்கர் இருப்பின், ஏக்கருக்கு 24 நிமிடம் கிடைக்கும். 5 ஏக்கர் உடையவன் பங்கு 2 மணி நேரம். தன் முறை வந்ததும் வாய்க்காலின் நீர் முழுவதும் அவனுக்கே உரியது. முறை முடிந்த கணமே அடுத்தவன் மடையைத் திருப்பிக்கொள்வான். முறை நள்ளிரவில் வரினும், மார்கழிக் குளிரில் வரினும், மண்வெட்டியோடு சென்றே ஆகவேண்டும். இரவுமுறை என்றும் ஒருவனுக்கே சுமையாகாதபடி, பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை அட்டவணையை 12 மணி நேரம் தள்ளி வைப்பர்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வறண்ட வாய்க்காலில் நீர் ஓடி வயலை எட்டுவதற்குள் சிறிது நேரம் வீணாகும். அந்நேரத்தை உரியவனுக்குக் கூட்டித் தருவர். அதற்கு 'பராயி' என்று பெயர். வார முடிவில் வாய்க்காலில் எஞ்சி நிற்கும் நீர் கடைமடைக்காரனுக்குத் தானே வடிந்து சேரும் ஆதலால், அவனுக்குரிய நேரத்தில் அதற்கு ஈடாகச் சிறிது கழிப்பர், அது 'ஜராயி'. வழக்கு எழுந்தால் விசாரித்துத் தீர்க்கும் அதிகாரத்தைக் கால்வாய் அதிகாரிகளுக்கு 1873ஆம் ஆண்டின் வட இந்தியக் கால்வாய்ச் சட்டம் வழங்கிற்று.

பொறியியலும் இம்முறைக்குத் துணைநின்றது. கால்வாயில் நீர் எவ்வேகத்தில் ஓடினால் வண்டல் படியாது, கரையும் அரிக்காது என்பதை மேல் பாரி துவாபுக் கால்வாயில் ஆராய்ந்து, கென்னடி என்னும் பொறியாளர் 1895இல் வெளியிட்டார். கிளைக்கால்வாய் ஓடினால் நிறைந்து ஓடவேண்டும், இல்லையேல் மூடியிருக்கவேண்டும் என்ற வழக்கத்தை இவ்வாராய்ச்சி வலுப்படுத்திற்று. 1922இல் கிரம்ப் என்பார், ஏற்றத் தாழ்விலும் விகிதம் பிறழாது நீர் தரும் கண்வாய் ஒன்றை வகுத்துக் காட்டினார்.

1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிரிந்தது. கால்வாய்களும் பிரிந்தன. ஆயினும் எல்லைக்கு இருபுறமும் வாராபந்தி அழியாமல் நின்றது. நம் நாட்டிலும் முறைவைத்துப் பாய்ச்சுதல் அறியாததன்று. கீழ்பவானிப் பாசனத்தில் ஒற்றைப்படை மடைகளுக்கு ஒரு பருவமும் இரட்டைப்படை மடைகளுக்கு மறு பருவமும் நீர் விட்டு, அடுத்த ஆண்டில் அதனை மாற்றுவது இதற்கு உறவான ஏற்பாடே. அங்கே பருவத்தைப் பங்கிட்டனர். இங்கே மணியைப் பங்கிட்டனர்.

இம்முறையில் குறை இல்லையா எனின், உண்டு. நேரம் சமமாயினும் நீர் சமமாவதில்லை. மண்வாய்க்காலில் வழிநெடுகக் கசிவு ஏற்படுவதால், தலைமடையின் 24 நிமிடமும் கடைமடையின் 24 நிமிடமும் ஒன்றல்ல. பராயி வாய்க்காலை நிரப்பும் நேரத்தை ஈடு செய்யுமேயன்றிக் கசிவை ஈடு செய்யாது. 1970களுக்குப் பின் வயல்வாய்க்கால்களுக்குச் செங்கல் பூச்சிட்டது இக்குறையைத் தணிக்கவே. மற்றொன்று, பயிரின் தேவை அட்டவணைக்குக் கட்டுப்படுவதன்று. குட்டைரகக் கோதுமைக்கு விதைத்து ஏறத்தாழ 21ஆம் நாளில் முதல் நீர் வேண்டும். அவ்வமயம் கால்வாய் மூடியிருந்தால் விளைவு குன்றும்.

இத்தகைய நெருக்கடியே குழாய்க்கிணறுகளை வரவேற்கச் செய்தது. 1960களுக்குப் பின் அவை பல்கின. கோதுமை நிலத்தில் நெல்லும் பரவிற்று. கால்வாய் நீருக்கு முறை இருந்தது. நிலத்தடி நீருக்கோ முறை வகுப்பார் இல்லை. விசை உள்ளவன் வேண்டுமட்டும் இறைத்தான், நீர்மட்டம் தாழ்ந்தது. இறுதியில் 2009இல் பஞ்சாபும் ஹரியானாவும், கடுங்கோடையில் குறித்த நாளுக்குமுன் நெல் நடுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றின.

வாராபந்தி வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே: நீர் குறைவாயிருந்தபோது பகிர்ந்து வாழக் கற்ற அதே குடியானவர், அளவற்றதென்று எண்ணிய நீரை அளவின்றிச் செலவிட்டனர். சிக்கனம் மனிதரின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. அனைவரும் ஒப்புக்கொண்ட முறையையும் பொறுத்தது. கண்ணுக்குத் தெரிந்த வாய்க்கால் நீருக்கு வகுத்த நீதியைக் கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீருக்கும் வகுப்பதே இனி ஆற்றவேண்டிய பணி. எம்மாநிலத்தில் வாழினும், நம் உணவும் அந்நீதியைச் சார்ந்தே நிற்கிறது.