பாலியல் வன்கொடுமைப் புலனாய்வில் உடல் கேமரா

உடல் கேமரா என்பது காவலர் சீருடையில் மாட்டிக்கொள்ளும், படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பதியும் சிறு கருவி. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2005, 2006 ஆண்டுகளில் தலையில் மாட்டும் வடிவில் இது சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் காவலரால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு வேகமாகப் பரவியது. அங்கே அதைக் கேட்டுப் போராடியவர்கள் காவலரின் நடத்தை பதிவாக வேண்டும் என்றார்கள். பாலியல் வன்கொடுமைப் புகாரிலோ, காவலரின் மார்பிலிருக்கும் கேமராவுக்கு நேரே நிற்பது பாதிக்கப்பட்டவரின் முகம். அவருடைய வாழ்வின் மிக மோசமான மணிநேரத்தில் அது பதிவாகிறது. இத்தகைய வழக்குகளுக்குத் தனி விதிகள் தேவைப்படுவது இதனால்தான்.

சாட்சியம் என்ற அளவில் பதிவின் பயன் பெரிது. உடைந்த தாழ்ப்பாள், கலைந்த அறை, கிழிந்த உடை, அங்கே இருந்தவர்கள், சந்தேக நபர் முதன்முதலில் சொன்ன வார்த்தைகள் ஆகியவை சில மணி நேரத்தில் மறையவோ மாறவோ கூடியவை. இங்கிலாந்துச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் முதலில் சொன்னதற்கே தனி மதிப்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் (பிரிவு 120) உரிய நிபந்தனைகளுடன் அதைச் சாட்சியமாக ஏற்கிறது. ஆனால் முதல் பேச்சு வேறு, முறையான வாக்குமூலம் வேறு. என்ன நடந்தது, எங்கே, யார், காயம் உண்டா என்ற அளவில் முதலில் சென்ற காவலர் நிறுத்திக்கொள்வதே முறை. விரிவான விசாரணையைப் பயிற்சி பெற்ற அதிகாரி தனி அறையில் வீடியோவில் பதிவு செய்வார். சாட்சியம் பற்றிய 1999ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டப்படி, நீதிமன்ற அனுமதியுடன் அந்தப் பதிவே முதல் விசாரணைச் சாட்சியமாகத் திரையிடப்படும். உடல் கேமரா அதற்கு மாற்று ஆகாது. மருத்துவப் பரிசோதனையில் கேமராவுக்கு இடமே இருக்கக் கூடாது.

பதிவு இருபுறமும் வெட்டும். கடும் அதிர்ச்சிக்கு ஆளானவரின் நினைவு துண்டு துண்டாக வரும், வரிசை மாறும். ஒருவர் நடுங்குவார். இன்னொருவர் சலனமின்றி உட்கார்ந்திருப்பார், சிரிக்கவும்கூடும். ‘இப்படி நடந்திருந்தால் அழுதிருப்பாளே’ என்று நினைக்கும் ஜூரிக்கு அந்த அமைதி பொய்யாகத் தெரியும். அதிர்ச்சியை எல்லாரும் ஒரே மாதிரி வெளிப்படுத்துவதில்லை என்று இங்கிலாந்து நீதிபதிகள் ஜூரிக்கு அறிவுறுத்துவது இதற்காகவே. முதல் பதிவுக்கும் பிந்தைய வாக்குமூலத்துக்கும் முரண் இருந்தால் குறுக்கு விசாரணையில் அது ஆயுதமாகும். அரசுத் தரப்பைப் பலவீனமாக்கும் பதிவு என்றாலும், 1996ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டப்படி எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் நியாயமான உரிமை அது.

சம்மதம் அடுத்த சிக்கல். குற்றத்துக்கு ஆளானவர்களைப் பேட்டி காணும்போது சம்மதம் பெற்றே பதிய வேண்டும் என்று 2014இல் அமெரிக்காவின் காவல் நிர்வாக ஆய்வு மன்றம் பரிந்துரைத்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இல்லினாய் மாநிலச் சட்டம், பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் கேமராவை அணைக்க வேண்டும் என்கிறது. இயன்றவரை அந்தக் கோரிக்கையும் பதிவில் இருக்க வேண்டும். மறுத்தால் புகார் எடுபடாதோ என்ற பயத்தில் தலையாட்டுவது சம்மதமாகாது. மறுத்தாலும் விசாரணை குறையாது என்பதைக் காவலர் முதலிலேயே, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கேமரா காட்டும் முகம் பாதிக்கப்பட்டவருடையது. அதில் கேட்கும் குரல்களில் ஒன்று காவலருடையது. ‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?’ என்ற கேள்வியும் பதிவாகிவிடும். புகார் கொடுக்க வந்தவரை அவமதிக்கும் கேள்விகள் எழுத்து வாக்குமூலத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கேமராவை அணைத்தால் அவையும் மறையும். ஆகவே அணைக்கும் முடிவு பாதிக்கப்பட்டவரிடம் இருக்க வேண்டும், காவலரின் வசதிக்கு விடக் கூடாது.

புள்ளிவிவரம் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் காவலர் பலப்பிரயோகத்தைப் பற்றியவை. பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு ஓரளவு நெருங்கி வருவது 2014இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் குடும்ப வன்முறை அழைப்புகளில் நடந்த சோதனை. துப்புத் துலங்கிய சம்பவங்களில் முறையான குற்றச்சாட்டு வரை சென்றவை கேமரா அணிந்த பிரிவில் 81 சதவீதம், அணியாத பிரிவில் 72 சதவீதம்.

இந்தியச் சட்டம் உடல் கேமராவைவிட வாக்குமூலப் பதிவையே முன்னிறுத்துகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவுப்படி, பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவரின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் காவல் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். செல்பேசி உள்ளிட்ட கருவிகளில் ஒலி-ஒளிப் பதிவும் செய்யலாம். அவர் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அவர் அடையாளம் தெரியும் வீடியோவை வெளியிடுவதும் அந்தக் குற்றமே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இன்னும் நுட்பமானது. குழந்தையின் வாக்குமூலம் இயன்றவரை ஒலி-ஒளியில் பதிவாக வேண்டும் என்கிறது, அதைப் பெறும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சீருடையே இல்லாத அந்த அறையில் கேமராவைக் குழந்தைக்கு மிரட்சி தராத இடத்தில் தனியாகத்தான் வைக்க வேண்டும்.