தண்ணீருக்கு நடுவே இரண்டு கோட்டை



பேரரசுகள் வீழப் பெரிதும் காரணம் வெளிப்பகையா, உட்பகையா? நமக்கு முன்னால் பேசிய நண்பர் மெக்சிகோவுக்கே போய் வந்துட்டார். (சிரிப்பு) ஸ்பெயின்காரன் பீரங்கியோட வந்தான், குதிரையோட வந்தான், அஸ்டெக் ராஜ்ஜியம் அழிஞ்சுது, அவ்வளவுதான்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். நானும் அங்கேயே வர்றேன் ஐயா.

அஸ்டெக் மக்கள் லேசுப்பட்டவங்களா? 1325 வாக்கில், ஏரிக்கு நடுவே தீவில் தெனோச்சித்லான் என்ற தலைநகரை எழுப்பியவர்கள். ஏரிச் சேற்றை வாரிப் போட்டுப் பாத்தி கட்டி, தண்ணீருக்குள்ளேயே மக்காச்சோளம் விளைவித்தவர்கள். மலை ஊற்றிலிருந்து கால்வாய் கட்டிக் குடிதண்ணீர் கொண்டுவந்தவர்கள். 'டொமேட்டோ' என்ற சொல்லே அவங்க பாஷையிலிருந்து வந்ததுதான். ஆம்பூர் பிரியாணியில தக்காளியும் மிளகாயும் இருக்கே, ரெண்டுக்கும் பூர்வீகம் அந்தக் கண்டம். (கைதட்டல்)

1519-ல் கோர்த்தேஸ் வந்து இறங்கினபோது அவன்கூட இருந்தது சுமார் 500 வீரர்கள். அந்த நகரத்திலோ இரண்டு லட்சம் பேர் இருந்ததாக ஒரு மதிப்பீடு. 1520 ஜூன் கடைசியில, ராத்திரியோட ராத்திரியா அவனை அடிச்சு விரட்டிட்டாங்க. அப்ப பீரங்கி எங்கே போச்சு? குதிரை எங்கே போச்சு?

ஓடினவனுக்கு இடம் கொடுத்து, சோறு போட்டு, பல ஆயிரம் பேரைப் படையாகவும் கொடுத்தது யார்? பக்கத்து தலாஸ்கலா மக்கள். அவங்களும் அதே பாஷை பேசுறவங்க. ஏறக்குறைய அதே சாமிகள். அவங்க ஆட்களைப் போரில் பிடிச்சுக்கிட்டுப் போய்க் கோயிலில் பலி கொடுத்திருக்கு அஸ்டெக் அரசு. சுற்றி வளைச்சு, உப்பு கூட உள்ளே போகாமல் தடுத்து வெச்சிருக்கு. உப்பு இல்லாத தோல் என்ன ஆகும்னு இந்த ஊருக்கு நான் சொல்லணுமா? மனுஷனுக்கே உப்பு கிடையாதுன்னா அவன் மனசு என்ன ஆகும்?

அம்மை நோய் கொன்றதே என்பார் நண்பர். கொன்றது, மறுக்கலை. ஆனா அது தலாஸ்கலாவிலும்தான் கொன்றது. அவங்க அப்பவும் கோர்த்தேஸ் பக்கம்தான் நின்னாங்க. 1521 ஆகஸ்ட் 13-ல் நகரம் விழுந்தது.

அதே சமயம் இங்கே கிருஷ்ணதேவராயர் ஆட்சி. 1565 தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது, அது வெளிப்பகை, ஒத்துக்கிறேன். ஆனா அதோட முடிஞ்சிடலையே! இடம் மாறி மாறி, கடைசியில் தலைநகரம் வந்து சேர்ந்தது நம்ம வேலூருக்கு. இங்கேயும் சுற்றிலும் தண்ணீர். எந்த எதிரி அகழியைத் தாண்டினான்?

1614-ல் வேங்கடபதி ராயர் கண்ணை மூடினார். அவர் வாரிசாகச் சொல்லிவிட்டுப் போனது அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை. ராணி வழிச் சொந்தமான ஜக்கராயன் அவரைக் குடும்பத்தோடு சிறை வைத்துக் கொன்றான். ஒரே ஒரு பையன்தான் தப்பினான். யாசம நாயக்கர் ஏற்பாட்டில், ஒரு சலவைத் தொழிலாளி அழுக்குத் துணி மூட்டைக்குள்ளே வைத்து வெளியே தூக்கிட்டு வந்தாராம். பர்ராதாஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1616-லேயே கடிதத்தில் எழுதியிருக்கார்.

பிறகு கல்லணைப் பக்கம் தோப்பூர் வரைக்கும் உள்நாட்டுப் போர். ஜக்கராயன் செத்தான், பையன் ராஜா ஆனான், பேரரசு மட்டும் பழையபடி எழுந்திருக்கவே இல்லை. 1639-ல் அதன் கீழிருந்த ஒரு நாயக்கர், சென்னைக் கடற்கரையில் வெள்ளைக்காரனுக்கு இடம் எழுதிக் கொடுத்தார். அவன் பீரங்கி வெச்சுப் பிடிச்ச இடம் இல்லை நடுவர் அவர்களே, நாமளே கொடுத்தது! (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க.